வாசகர் கேள்வி பதில்: பழைய விண்டோஸ், பழைய கார்ட், படம் மட்டும் ஒழுங்கா வருதில்ல

இந்த முறை வந்த கடிதமும் வொய்ஸ் மெசேஜும் கனக்க ஒரே விசயத்தைப் பற்றித்தான், பழைய கொம்பியூட்டர், அதுக்கு ஒரு டிஸ்பிளே கார்ட் (மொனிட்டருக்குப் படம் அனுப்புற அட்டை), டிரைவர் (அந்தக் கார்ட்டையும் விண்டோஸையும் சேர்த்து வேலை செய்ய வைக்கிற சொஃப்ட்வெயார்) ஏறுதில்ல. அதால மற்றக் கேள்விகள அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சிட்டு இதுக்கே முழுப் பக்கத்தையும் எடுத்திருக்கன்.

கேள்வி: வணக்கம் அண்ணா, நான் உப்புவெளியில சின்னதா ஒரு கொமினிகேசன் கடை வச்சிருக்கன், டைப்பிங், போட்டோகொப்பி, பாஸ்போட் சைஸ் படம் அடிக்கிறது. கொம்பியூட்டர் பழைய டுவல் கோர், விண்டோஸ் 7 தான் போட்டிருக்கு. போர்ட்டோட வந்த டிஸ்பிளே பழுதாப் போனதால பாவிச்ச என்விடியா கம்பெனிட ஜிடி 730 கார்ட் ஒண்டு வாங்கிப் போட்டன். படம் வருது, ஆனா எழுத்தெல்லாம் பெரிசா, முகம் எல்லாம் அகலமா இழுபட்டு நிக்குது. என்விடியா வெப்சைட்டில ஆகப் புதுசா இருந்த டிரைவர இறக்கிப் போட்டா இந்த விண்டோஸுக்கு இது ஒத்துவராது எண்டு சொல்லுது. கார்ட் பழுதா? வித்தவர் திருப்பி எடுக்க மாட்டன் எண்டுறார். – ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: கார்ட் பழுதில்ல தங்கச்சி, வித்தவரோட சண்டைக்குப் போக வேண்டாம். படம் இழுபட்டு வாறது டிரைவர் இல்லாததாலதான். டிரைவர் இல்லாத நேரம் விண்டோஸ் 7 எந்தக் கார்டையும் 'ஸ்டான்டர்ட் விஜிஏ' எண்ட பொதுப் பேரில வச்சுத்தான் ஓட்டும், அதில உங்கட மொனிட்டருக்குச் சரியான அளவு வராது, வேகமும் இருக்காது, ஆனா படம் எண்டு ஒண்டு வருதெண்டா கார்ட் உயிரோட இருக்கு எண்டு நம்பலாம்.

பிழை எங்க நடந்தது எண்டா 'ஆகப் புதுசு' எண்டு தேடினதில. கனபேர் இப்பிடித்தான் செய்யிறாங்க, செய்யிறது நியாயமாத்தான் தெரியும், ஆனா பழைய விண்டோஸுக்குத் தேவை புது டிரைவர் இல்ல, உங்கட சிப்புக்கும் உங்கட விண்டோஸுக்கும் சேர்த்து கம்பெனி கடைசியா செய்த டிரைவர். என்விடியா 2021 அக்டோபரில இருந்து கேம் ரெடி எண்ட தன்ட வழமையான புது டிரைவர விண்டோஸ் 10க்கும் 11க்கும் மட்டும்தான் செய்யுது. அதுக்கு முந்தியே, 2018ல, 32 பிட் விண்டோஸ முழுசா விட்டிட்டுது (விண்டோஸ் 32 பிட், 64 பிட் எண்டு ரெண்டு வகையா வரும்). அதால முதல்ல ஸ்டார்ட் மெனுவில 'கொம்பியூட்டர்' எண்டதில ரைட் கிளிக் பண்ணி புரொபர்ட்டீஸ் போய் 'சிஸ்டம் டைப்' பாருங்க. உங்கட மாதிரிப் பழைய டுவல் கோர் மெசின்ல பெரும்பாலும் 32 பிட் எண்டுதான் இருக்கும். அப்பிடி எண்டா விடை ஒண்டேதான், 2018 மார்ச்சில வந்த 391.35 பதிப்பு, விண்டோஸ் 7, 32 பிட். அதுக்கு மேல ஒண்டும் இல்ல, தேட வேண்டாம்.

64 பிட் எண்டு இருந்தா கதை கொஞ்சம் நீளும், ஏனெண்டா ஜிடி 730 எண்ட ஒரே பேரில உள்ளுக்க ரெண்டு சாதி சிப் இருக்கு. இத வாங்குற நேரம் ஒருத்தரும் சொல்லித் தாறதில்ல, பெட்டியிலயும் பெரிசாப் போட்டிருக்காது. ஒண்டு ஃபெர்மி எண்ட பழைய குடும்பம், 128 பிட் டிடிஆர்3 மெமரி, 96 கோர். மற்றது கெப்ளர், 64 பிட் மெமரி, 384 கோர். ஃபெர்மி எண்டா 64 பிட்டிலயும் 391.35 தான் கடைசி. கெப்ளர் எண்டா 47 எண்டு தொடங்குற பதிப்பு வரைக்கும் போகலாம். எது எண்டு பார்க்க டிவைஸ் மேனேஜர்ல அந்தக் கார்ட்ட ரெண்டு தரம் கிளிக் பண்ணி, டீட்டெயில்ஸ் போய், ஹார்ட்வெயார் ஐடி எண்டதத் தெரிவு செய்ங்க. 'வென்' எண்டதுக்குப் பக்கத்தில 10டிஈ எண்டு இருந்தா என்விடியா, 1002 எண்டா ஏஎம்டி, 8086 எண்டா இன்டெல். அதுக்குப் பின்னால 'டெவ்' எண்டதில 1287 இருந்தா உங்கட ஜிடி 730 கெப்ளர், 0எஃப்02 எண்டா ஃபெர்மி. பயோஸ மாத்தி எழுதின போலிக் கார்ட் இல்லாட்டி இந்த நாலு எழுத்து பொய் சொல்லாது, ஸ்டிக்கர் சொல்லும்.

போடுற நேரம் முதல் அரைகுறையா ஏறினத எல்லாம் துடைச்சிட்டுப் போடுங்க. டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் எண்டு ஒரு இலவச சொஃப்ட்வெயார் இருக்கு, எஃப் 8 அமத்தி சேஃப் மோடுக்குப் போய் அத ஓட விட்டா பழைய மிச்சம் மீதி எல்லாம் போயிடும். பிறகு சாதாரணமா ரீஸ்டார்ட் பண்ணி டிரைவர ஏத்தேக்க 'கஸ்டம்' எண்டதத் தெரிவு செய்து 'கிளீன் இன்ஸ்டலேசன்' எண்ட பெட்டிக்குச் சரி போடுங்க. முடிஞ்ச உடன ரெசலூசன மொனிட்டருக்குரிய அளவில வச்சா முகமெல்லாம் நேராயிடும். அந்த டிரைவர் ஃபைல ஒரு பென் டிரைவிலயும் ஒரு சீடியிலயும் எடுத்து வைங்க, நாளைக்கு வெப்சைட்டில இருக்கும் எண்டு நம்பி இருக்க வேண்டாம்.

இன்னொண்டு, நீங்க கேக்கல, ஆனா சொல்லாம விட ஏலாது. விண்டோஸ் 7க்கு பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14ஓட நிண்டிட்டுது. உங்கட கடைக்கு ஆக்கள் ஐடென்டிட்டி கார்ட், பிறப்புச் சான்றிதழ் எண்டு பென் டிரைவில கொண்டு வருவாங்க. அந்த மெசின்ல பேங்க் வேலை, ஈமெயில் பாஸ்வேர்ட் எல்லாம் செய்யாதீங்க, அத போனில செய்யலாம்.

கேள்வி: எங்கட தையல் கடையில எம்பிரொய்டரி மெசினோட வந்த சொஃப்ட்வெயார் விண்டோஸ் எக்ஸ்பீல மட்டும்தான் ஓடும். கொம்பியூட்டர் கார்ட் எரிஞ்சு போச்சு. எக்ஸ்பீக்கு இப்ப என்ன கார்ட் வாங்கலாம்? எங்க கேட்டாலும் எக்ஸ்பீய விட்டிட்டு புதுசு வாங்குங்க எண்டுறாங்க. – மூதூர் வாசகர்

பதில்: புதுசு வாங்கச் சொல்லுறவருக்கு அந்த மெசின்ட விலை தெரியாது. நல்லா ஓடுற எம்பிரொய்டரி மெசின ஒரு கார்ட்டுக்காக ஒருத்தரும் தூக்கி எறியக் கூடாது, உங்கட பக்கம்தான் நானும்.

முதல்ல மூடிய கழட்டிப் போர்ட்டப் பாருங்க. புரொசசருக்குக் கிட்ட, மற்ற ஸ்லொட் மாதிரி இல்லாம, கபினட்டின்ட பின்பக்க ஓரத்தில இருந்து கொஞ்சம் தள்ளி, பெரும்பாலும் மண் நிறத்தில ஒரு ஸ்லொட் இருந்தா அது ஏஜிபி, பழைய வகை டிஸ்பிளே கார்ட் ஸ்லொட். நீளமா ஓரத்துக்குக் கிட்டவா தொடங்குதெண்டா பிசிஐ எக்ஸ்பிரஸ், 2004க்குப் பிறகு வந்த போர்ட்கள்ல இதுதான். ரெண்டும் ஒண்டுக்கொண்டு பொருந்தாது, அளவு தெரியாமல் கார்ட் வாங்கிட்டு வந்து அழுத்திப் பார்க்கிறதால உடைஞ்ச போர்ட்கள நான் கண்டிருக்கன்.

ஏஜிபி எண்டா ஜிஃபோர்ஸ் 6200 மாதிரி ஒண்டு பாவிச்ச சாமான் கடையில கிடைச்சாக் காணும், எம்பிரொய்டரிக்கு அதுவே தாராளம். அதுக்கு எக்ஸ்பீ டிரைவர் 307.83. பிசிஐ எக்ஸ்பிரஸ் எண்டா இன்னும் சுகம். என்விடியா எக்ஸ்பீக்குக் கடைசியா 2016 ஜூலையில 368.81 எண்ட டிரைவர விட்டுது, அதில 700 வரிசைக் கார்ட்களும் ஜிடிஎக்ஸ் 750, 960 வரைக்கும் ஓடும். 1030, 1050 எண்டு 10 வரிசையில வாற ஒண்டுக்கும் எக்ஸ்பீ டிரைவரே இல்ல, கடைக்காரர் ஓடும் எண்டு சத்தியம் பண்ணினாலும் வாங்காதீங்க. உங்களுக்கு நான் சொல்லுறது ஜிடி 730, ஏனெண்டா அதுக்கு தனி பவர் வயர் தேவையில்ல, ஸ்லொட்டில இருந்து வாற கரண்டே போதும், பழைய பவர் சப்ளைக்குப் பாரம் இல்ல. மேல சொன்ன ஃபெர்மி, கெப்ளர் பிரச்சினை உங்களுக்கு இல்ல, எக்ஸ்பீல ரெண்டுக்கும் அந்த ஒரே டிரைவர் பிடிக்கும்.

சர்வீஸ் பேக் 3 (எக்ஸ்பீட கடைசிப் பெரிய அப்டேட்) இருக்கா எண்டு பார்த்து, மதர்போர்ட் சிப்செட் டிரைவர முதல் ஏத்திட்டுத்தான் கார்ட் டிரைவர ஏத்துங்க. எக்ஸ்பீல இருக்கிற இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இப்பத்தைய வெப்சைட்கள திறக்காது, அதால வேற மெசின்ல இறக்கி பென் டிரைவில கொண்டு வாங்க. அந்த எக்ஸ்பீ மெசின நெட்டோட இணைக்கவே வேண்டாம், அதுக்கு அப்டேட் நிண்டது 2014 ஏப்ரல் 8ல. டிசைன் ஃபைல பென் டிரைவில கொண்டு போனாக் காணும்.

கேள்வி: கிண்ணியாவில ஸ்டூடியோ நடத்துறன். கலியாண வீடியோ எடிட் பண்ணுறது. விண்டோஸ் 7, 64 பிட் திரும்பப் போட்டதுக்குப் பிறகு என்ட ஜிடிஎக்ஸ் 960க்கு டிரைவர் ஏறுது, ஆனா டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் குறி, கோட் 52 எண்டு வருது. முந்தி இதே கார்ட் இதே மெசின்ல ஒழுங்கா ஓடினது. – வாசகர், கிண்ணியா

பதில்: கோட் 52 எண்டா டிரைவர் பிழை இல்ல, டிரைவரில இருக்கிற கையெழுத்த விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியல. முந்தி டிரைவர்களுக்கு ஷா-1 எண்ட முறையில டிஜிட்டல் கையெழுத்து வச்சாங்க, பிறகு அது பாதுகாப்பில்ல எண்டு ஷா-2க்கு மாறிட்டாங்க. உங்கட சீடியில இருக்கிற விண்டோஸ் 7 அதுக்கு முந்தினது, சர்வீஸ் பேக் 1 வந்ததே 2011ல, அதால புதுக் கையெழுத்தக் கண்டா 'ஆர் இவர்' எண்டு வாசலிலயே மறிச்சு வைக்குது. முந்தி ஓடினதுக்குக் காரணம், பழைய இன்ஸ்டலேசன்ல விண்டோஸ் அப்டேட் கொஞ்சம் கொஞ்சமா இதப் பழக்கி வச்சிருந்தது.

செய்ய வேண்டியது, சர்வீஸ் பேக் 1 இருக்கா எண்டு பார்த்திட்டு, மைக்ரோசொஃப்ட் அப்டேட் கேட்டலொக் எண்ட பக்கத்தில இருந்து கேபி 4490628 எண்ட நம்பர் அப்டேட்ட இறக்கி முதல் போடுங்க, அதுக்குப் பிறகு கேபி 4474419, ரெண்டுக்கும் இடையில ரீஸ்டார்ட். இந்த வரிசைய மாத்த வேண்டாம். அது ரெண்டும் ஏறின பிறகு டிரைவர அழிச்சிட்டுத் திரும்பப் போட்டா மஞ்சள் குறி போயிடும். எஃப் 8 அமத்தி 'சிக்னேச்சர் என்ஃபோர்ஸ்மென்ட்' நிப்பாட்டச் சொல்லி ஆராவது சொல்லியிருப்பாங்க, அது அந்த ஒரு தரம் திறக்கிறதுக்கு மட்டும்தான், அடுத்த தரம் கரண்ட் போய் வந்தா திரும்பப் பழையபடி. கலியாண வீட்டுக்காரர் வாசல்ல நிக்கேக்க அந்தக் கூத்து வேண்டாம்.

கேள்வி: தம்பலகாமத்தில அரிசி ஆலை. கணக்கு சொஃப்ட்வெயார் விண்டோஸ் 7ல மட்டும் ஓடும். 7வது தலைமுறை ஐ3 மெசின் வாங்கி 7 போட்டம், டிஸ்பிளே டிரைவர் கிடைக்கல.

பதில்: கிடைக்காது, ஏனெண்டா இன்டெல் அந்த 7வது தலைமுறையின்ட எச்டி 630 எண்ட உள் டிஸ்பிளேக்கு விண்டோஸ் 7ல அதிகாரபூர்வமா ஆதரவு குடுக்கல. நெட்டில மாத்திச் செய்தது எண்டு உலாவுறதுகள ஆலைக் கணக்கு இருக்கிற மெசின்ல போட வேண்டாம். ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, ஒரு ஜிடி 710 கார்ட் போட்டு, பயோஸில (விண்டோஸுக்கு முந்தியே எழும்புற மெசின்ட செட்டிங் பக்கம்) சிஎஸ்எம் எண்ட பழைய முறையில திறக்க விடுற செட்டிங்க ஒன் பண்ணி வச்சு (அது இல்லாட்டி விண்டோஸ் 7 லோகோவிலயே நிண்டிடும்) 47ல தொடங்குற டிரைவர ஏத்துறது. மற்றது, நான் விரும்புறது, மெசின்ல புது விண்டோஸே இருக்கட்டும், உள்ளுக்க விர்ச்சுவல்பொக்ஸ் (ஒரு மெசினுக்குள்ள இன்னொரு மெசின் மாதிரி ஓட்டுற சொஃப்ட்வெயார்) போட்டு அதுக்குள்ள விண்டோஸ் 7ஐயும் கணக்கு சொஃப்ட்வெயாரையும் வைங்க. அதுக்குள்ளயும் படம் சின்னப் பெட்டியாத்தான் முதல் வரும், 'கெஸ்ட் அடிசன்ஸ்' எண்டத ஏத்தினா முழு ஸ்கிரீனுக்கு விரியும், அதுதான் அந்த உள் மெசின்ட டிஸ்பிளே டிரைவர். அந்த உள் மெசின்ட டிஸ்க் ஃபைல முந்தியே கொப்பி எடுத்து வச்சா, மெசின் பழுதானாலும் அத வேற மெசின்ல விர்ச்சுவல்பொக்ஸில வச்சுக் கணக்கத் திறக்கலாம்.

கேள்வி: டிரைவர் எல்லாத்தையும் தானாத் தேடிப் போடுற சொஃப்ட்வெயார் பாவிக்கலாமா? – ஏ/எல் மாணவன், உவர்மலை

பதில்: வேண்டாம் தம்பி. ஹார்ட்வெயார் ஐடிய நீங்களே பார்த்து, கம்பெனி வெப்சைட்டில நீங்களே எடுங்க.

கேள்வி: வீடு திருக்கடலூரில, கடற்கரையில இருந்து ரெண்டு ஒழுங்கைதான். மார்கழி வந்தா எங்கட கொம்பியூட்டர்ல படம் வராது, சில நாள் கோடு கோடா வரும், மாசி பங்குனியில திரும்ப நல்லாயிடும். மூண்டு தரம் விண்டோஸ் மாத்திட்டம், டிரைவர் மாத்திட்டம். – வாசகர்

பதில்: இந்தக் கடிதத்த ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன், ஏனெண்டா இது நான் வீட்டில பட்ட பாடு. எந்த டிரைவர் மாத்தினாலும் இது போகாது ஐயா, இது உப்பு.

எப்பிடிப் பிரிச்சு அறியிறது எண்டு சொல்றன். பவர் பட்டன் அமத்தின உடன வாற கம்பெனி லோகோ, பயோஸ் எழுத்து, இதுகளுக்கு விண்டோஸ் டிரைவர் ஒண்டும் தேவையில்ல, அந்த நேரம் விண்டோஸே எழும்பேல்ல. அந்த இடத்திலயே படம் இல்ல, இல்லாட்டிக் கோடு விழுதெண்டா கார்ட், ஸ்லொட், ரேம், கேபிள், மொனிட்டர், இதில ஒண்டுதான். அங்க எல்லாம் வடிவா வந்து, விண்டோஸ் லோகோவுக்குப் பிறகு மட்டும் கறுத்து, சேஃப் மோடில திரும்ப நல்லா வந்தா அது டிரைவர். இந்த ஒரு சோதனைய மட்டும் செய்திருந்தா மூண்டு தரம் விண்டோஸ் போட்ட காசு மிச்சம்.

வாடை அடிக்கத் தொடங்கினா எங்கட பக்கம் கடல் ஈரம் நேரா வீட்டுக்குள்ளதான் வரும். கபினட்டுக்குள்ள ஃபேன் சும்மா இருக்காம அந்த உப்புக் காத்த இழுத்து இழுத்து கார்ட்டுக்கு மேல பூசும், தூசியோட சேர்ந்து அது ஈரத்தப் பிடிச்சு வச்சிருக்கும். கார்ட்டின்ட அடியில ஸ்லொட்டுக்குள்ள போற அந்த தங்க நிறப் பல்லு வரிசையில மெல்லிசா ஒரு படை பிடிச்சா காணும், தொடுப்பு விட்டு விட்டு வரும். கார்ட்ட இறுக்குற தகரத்தில, திருகாணியில துரு ஏறியிருந்தா உள்ளுக்கயும் அதேதான் நடக்குது. வெயில் வந்து காய்ஞ்ச உடன மாசியில திரும்ப நல்லாகிறதும் அதாலதான்.

வயர எல்லாம் கழட்டி, பவர் பட்டன ஒருக்கா அமத்தி மிச்சக் கரண்ட இறக்கி, கையால கபினட் இரும்பத் தொட்டிட்டு, ஸ்லொட் கடைசியில இருக்கிற சின்னக் கொளுவிய விலத்தி கார்ட்ட நேரா மேல தூக்குங்க. பிள்ளையள் பாவிக்கிற வெள்ளை அழிறப்பரால அந்தப் பல்லுகள மெதுவா ஒரு பக்கமாத் தேய்ங்க, தூளக் காய்ஞ்ச பிரஷால தட்டி விடுங்க, பிறகு ஐசோபுரொபைல் அல்கஹோல் தொட்ட துணியால துடைச்சு நல்லாக் காய விடுங்க. ஸ்லொட்டுக்கு காய்ஞ்ச சின்னப் பிரஷ் மட்டும். வாயால ஊத வேண்டாம், அதுவும் ஈரம்தான். எண்ணெய் ஸ்பிரே அடிக்கவே வேண்டாம். ரேமுக்கும் இதே வைத்தியம்.

பிறகு மார்கழி முழுக்க ஒரு நாளைக்கு ஒருக்காவது மெசின ஓட விடுங்க, உள்ளுக்க சூடு இருந்தா ஈரம் நிக்காது. வாடை வாற ஜன்னலுக்கு நேர வைக்காம மற்றச் சுவரோட தள்ளி வைங்க. ஓடி முடிஞ்ச சூட்டோட பொலித்தீன் உறை போடாதீங்க, உள்ளுக்க வியர்க்கும், துணியால மூடினாப் போதும். நான் இப்ப ஐப்பசி பிறக்க முந்தியே ஒருக்காக் கழட்டித் துடைச்சு விட்டிடுறன், ரெண்டு வருசமா அந்தக் கோடு வரேல்ல.

கேள்வி: பாவிச்ச ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மலிவா வாங்கினன். விஜிஏ ஓட்டையும் இருக்கு, என்ட பழைய மொனிட்டருக்கு வசதி எண்டு சந்தோசப்பட்டன். டிரைவர் போட்டா டிவைஸ் மேனேஜர்ல கோட் 43 எண்ட பிழை வருது. – பாலையூற்று

பதில்: அந்த விஜிஏ ஓட்டைதான் விசயம் தம்பி. 1050 டிஐ பாஸ்கல் குடும்பம், 2016ல வந்தது, பாஸ்கல் சிப்பில விஜிஏக்குத் தேவையான அனலொக் வெளியீடே இல்ல. அதால விஜிஏ ஓட்டையோட வாற 1050 டிஐ பெரும்பாலும் போலி, உள்ளுக்க பழைய ஃபெர்மி சிப் ஒண்டுக்கு பயோஸ மாத்தி எழுதிப் புதுப் பேர் வச்சது. ஜிபியூ-ஸெட் எண்ட சின்ன சொஃப்ட்வெயார இறக்கித் திறந்து பாருங்க, போலி எண்டா கார்ட் பேருக்கு முன்னால 'ஃபேக்' எண்டு போட்டுக் காட்டும். அத போட்டோ எடுத்துக்கொண்டு போய் வித்தவரிட்ட காசு கேளுங்க. அவருக்கும் தெரியாம இருந்திருக்கலாம், முதல் மரியாதையாவே கதைச்சுப் பாருங்க. பயோஸத் திரும்ப எழுதி ஓட்டலாம் எண்டு சொல்லுவாங்க, பிழைச்சா கார்ட் முழுசாப் போயிடும், காசு கைக்கு வர முந்தி அதத் தொட வேண்டாம்.

உண்மையான 1050 டிஐ கிடைச்சு மொனிட்டர் விஜிஏ மட்டும் எண்டா, வெறும் பிளக் மாதிரி இருக்கிற டிவிஐ அடப்டர் உதவாது, எச்டிஎம்ஐல இருந்து விஜிஏக்கு மாத்துற, உள்ளுக்க சிப் இருக்கிற கன்வேட்டர்தான் வேணும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர். பழைய லப்டொப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடலாம் என்று மகன் சொல்லிப் பென் டிரைவ் தந்தார். பச்சை லோகோ வந்து பிறகு முழுக்கக் கறுப்பு. என்விடியா கார்ட் உள்ள லப்டொப். மகன் வெளிநாட்டில், நான்தான் செய்ய வேண்டும். – சாம்பல்தீவு

பதில்: சேர், நீங்களே செய்யலாம், பயப்பட ஒண்டும் இல்ல. லினக்ஸில நூவோ எண்டு என்விடியாவுக்கு ஒரு திறந்த டிரைவர் முதலே இருக்கு, சில பழைய சிப்போட அது தொடக்கத்தில முரண்டு பிடிக்கும், கறுப்பு வாறது அதாலதான். பென் டிரைவில இருந்து திறக்கேக்க முதல் வாற பட்டியல்ல 'கொம்பட்டிபிலிட்டி மோட்' எண்டு ஒரு வரி இருக்கும், அதத் தெரிவு செய்ங்க. படம் வந்திடும், கொஞ்சம் மெதுவா இருக்கும், அந்த நிலையிலயே லினக்ஸப் போட்டு முடிங்க.

போட்டு முடிஞ்சு முதல் தரம் திறக்கேக்க திரும்பக் கறுத்தா, மெசின ஒன் பண்ணின உடன ஷிஃப்ட் பட்டன அமத்திப் பிடிங்க, புது மெசின் எண்டா எஸ்கேப். வாற பட்டியல்ல முதல் வரியில நிண்டு 'ஈ' எழுத்த அமத்தினா கொஞ்ச வரிகள் வரும். 'லினக்ஸ்' எண்டு தொடங்குற வரியின்ட கடைசிக்குப் போய் ஒரு இடைவெளி விட்டு, நோமோட்செட் எண்டத ஆங்கிலத்தில, சின்ன எழுத்தில, ஒரே சொல்லா அடிச்சு எஃப் 10 அமத்துங்க. உள்ள போன பிறகு மெனுவில 'டிரைவர் மேனேஜர்' திறந்து அது சிபாரிசு செய்யிற டிரைவரப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணினா அந்தச் சொல் பிறகு தேவைப்படாது.

சில பழைய லப்டொப்பில, ஜிஃபோர்ஸ் 8, 9, 200 வரிசைகள்ல, அங்க ஒண்டும் சிபாரிசு வராது, ஏனெண்டா அதுகளுக்கான 340 டிரைவர் இப்பத்தைய பதிப்புகள்ல இல்ல. அப்ப நூவோவோடயே இருக்க வேண்டியதுதான், பேப்பர் வாசிக்க, மகனோட வீடியோவில கதைக்க அது போதும். அதுவும் ஒத்துவராட்டி லப்டொப் மொடலின்ட பேரையும், டெர்மினல்ல 'எல்எஸ்பிசிஐ' எண்டு ஆங்கிலச் சின்ன எழுத்தில அடிச்சா வாற வரிகள்ல விஜிஏ எண்டு இருக்கிறதையும் போட்டோ எடுத்து அனுப்புங்க சேர், அடுத்த இதழ் வரைக்கும் காத்திருக்காம நேராவே பதில் போடுறன்.